உள்ளே விட்ட துணி

ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், முதல் வார்த்தையிலேயே கை நின்றுவிட்டது. உடம்பு நலம்தான். சர்க்கரை, அழுத்தம் எல்லாம் டாக்டர் சொன்ன கோட்டுக்குள் இருக்கிறது, உன் சித்தி வாரம் இரண்டு முறை வந்து மாத்திரை டப்பாவை எண்ணிப் பார்த்துவிட்டுப் போகிறாள், தங்கைக்கு அக்கா மேல் அவ்வளவு நம்பிக்கை. மற்றதெல்லாம் நலம் என்று எழுத வரவில்லை, எழுதினாலும் நீ நம்பப் போவதில்லை. உன் நலத்தைத்தான் அறிய வேண்டும். போனில் கேட்டால் சாப்பிட்டேன், தூங்கினேன், குளிர்தான், சரிம்மா வைக்கிறேன் என்று முடித்துவிடுகிறாய். ஐந்து மாதமாக அதே பேச்சுதான். அதனால்தான் கடிதம். இதை நீ பாதியில் மடித்துப் போட்டாலும் மேஜை மேல் கிடக்கும், ஒரு நாள் எடுத்துப் படிப்பாய்.

போன புதன்கிழமை உன் செய்தி வந்தபோது நான் ஒரு மூன்றாம் மாடி வீட்டைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன். "பிப்ரவரி கடைசில வீட்டைக் காலி பண்றேன்மா. எனக்கு எதுக்கு ரெண்டு ரூம்." அவ்வளவுதான் இருந்தது. வேறு வீடு பார்க்கிறாயா, வேலையை விட்டுவிட்டு வருகிறாயா, ஒன்றும் இல்லை. வேறு எந்தத் தாயாக இருந்தாலும் என்ன ஆச்சு கண்ணா என்று கேட்டிருப்பாள். நான் என்ன செய்தேன், சாவிக்கொத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முப்பத்தொன்றாம் தேதிக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடு, வாய்ப்பேச்சு செல்லாது, வாங்கிக்கொண்டதற்குப் பதில் கேட்டு வாங்கி வை என்று தட்டி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் எனக்கே உறைத்தது. நீ பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினாய். அந்தக் கட்டைவிரலை அன்று முழுக்க எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. எல்லாக் குழாயையும் திறந்து பார்த்துவிட்டு வீடு எடுங்கள் என்று ஊருக்கே பாடம் எடுக்கிற புரோக்கரம்மா தன் வீட்டுக் குழாய்க்கு அடியில் வாளி வைத்திருக்கிறாளே என்று சித்தி சிரிக்கிறாள், சிரிக்கட்டும், அவள் சிரித்தே ரொம்ப நாளாயிற்று. அப்பாவின் கடையை நான் இன்னும் காலி செய்யவில்லை. பக்கத்துக் கடையில் சாவி வெட்டித் தருகிற சாவிக்காரர் காலையில் தன் வாசலைப் பெருக்கும்போது நம் ஷட்டருக்கு முன்னாலும் பெருக்கிவிடுகிறார், உங்களுக்கு எதற்கு இந்த வேலை என்றால் துடைப்பம் தானாக அந்தப் பக்கம் போகிறது அக்கா என்கிறார். திரைச்சீலை, மெத்தை உறை தைத்துத் தரப்படும் என்ற பலகை அப்படியே தொங்குகிறது. போன வாரம்கூட ஒரு பெண்மணி பலகையைப் பார்த்துவிட்டு ஷட்டரைத் தட்டினாராம், தையல்காரர் எப்போது வருவார் என்று கேட்டாராம். சாவிக்காரர் என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. வீடு பார்க்க வந்தவர்கள் இளம் ஜோடி, சமையலறையில் நின்று அலமாரியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் கூடத்தில் நின்றார். அவர் என்னைக் கூப்பிட்டு, இவர்கள் எடுப்பார்களா என்று மெதுவாகக் கேட்டார். இந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது இருபத்திரண்டு வருடமாக எனக்கு மனப்பாடம். வீட்டுக்காரரிடம், அவர்கள் இன்றைக்கே முடித்துவிடத் துடிக்கிறார்கள் என்பேன். நாலடி நடந்து சமையலறைக்குப் போய், வீட்டுக்காரருக்கு உங்களைத்தான் பிடித்திருக்கிறது, நீங்கள் உடனே வரவேண்டும் என்று நினைக்கிறார் என்பேன். இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் முன் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டுவிடும். இதைப் பொய் என்று நான் நினைத்ததே இல்லை, கதவு திறக்க எண்ணெய் விடுகிற மாதிரிதான் நினைத்தேன். அன்றைக்குக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் நின்றேன், வாய் வரவில்லை. தெரியலை சார், நீங்களே கேட்டுக்கோங்க என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வீடு முடியவில்லை, அது போகட்டும். கீழே இறங்கி வரும்போது படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன் தம்பி, ஏனென்றால் இதே வேலையை நான் நம் வீட்டிலும் செய்திருக்கிறேன்.

உனக்கு வேலை கிடைத்து, செப்டம்பர் முதல் தேதி சேர வேண்டும் என்று கடிதம் வந்த நாளிலிருந்து நான் ஒரு ஆட்டம் ஆடினேனே, நினைவிருக்கிறதா. அந்த நகரத்தில் இருந்துவிட்டு வந்த ஒரு வாடிக்கைக்காரரைப் பிடித்து இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டேன். அங்கே மாத முதலில் நோட்டீஸ் கொடுக்கிறார்கள், இரண்டாவது வாரம் வீட்டைக் காட்டுகிறார்கள், ஆகஸ்ட் பதினைந்துக்கு மேல் மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினால் நல்ல வீடெல்லாம் போய்விடும் என்றார். உடனே சமையலறைக் காலண்டரை எடுத்துத் தரையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஆகஸ்ட் இரண்டு புறப்பாடு, ஐந்திலிருந்து தேடுதல், பன்னிரண்டுக்குள் கையெழுத்து, பதினைந்துக்குள் விலாசப் பதிவு. போகுமுன் இங்கிருந்தே படத்தைப் பார்த்து எதையும் உறுதி செய்யாதே, நேரில் போய்ப் பார், பகலில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, வெறும் அறையில் பத்து நிமிஷம் பேசாமல் உட்கார், மேல் வீட்டுச் சத்தம் அப்போதுதான் கேட்கும் என்றெல்லாம் எழுதிக் கொடுத்தேன். அப்பா என்னைக் காலண்டர், காலண்டர் என்று கேலி செய்தார். என் கணக்கில் ஒரு தப்பும் இல்லை தம்பி. அதுதான் என்னைக் கொல்கிறது. வீட்டைப் பொறுத்தவரை எல்லாமே சரியாகத்தான் நடந்தது.

ஜூலை கடைசியில் ஒரு நாள் ராத்திரி, அப்பா கடையிலிருந்து சாப்பிட வந்தார். அந்த விடுதியின் அறுபது ஜன்னலுக்கும் திரை தைத்துக்கொண்டிருந்த சமயம், உனக்குத் தெரியும், காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார், நீ ஊருக்குப் போகப்போகிற மாதத்தில் அவர் முகத்தையே நீ சரியாகப் பார்க்கவில்லை. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, சாப்பிடாமல், என்னிடம் சொன்னார். "எட்டாம் தேதி ஆர்டர் முடிஞ்சிடும். அதுக்கப்புறம் ஒரு வாரம் கடையைத் திறக்க மாட்டேன். பதினாறாம் தேதி போகட்டுமே. ஒரு வாரம் அவன்கூட சும்மா இருக்கணும் போல இருக்கு." நான் விடவில்லை. உங்களுக்குத் தையல் தெரியும், எனக்கு வீடு தெரியும் என்றேன். அவர் மறுபடி, நான் அவன்கிட்ட கேட்டுப் பார்க்கட்டுமா என்றார். அப்போது சொன்னேன். அவனே எப்போது போவோம் என்று துடிக்கிறான், கேட்டு மனசைக் கலைக்காதீர்கள் என்று. அப்பா சரி என்று சாப்பிட ஆரம்பித்தார்.

மறுநாள் நீ துணி மடித்துக்கொண்டே என்னிடம் கேட்டாய். அப்பா ஆர்டர் முடிகிற வரைக்கும் இருந்துவிட்டுப் போகட்டுமா, அப்பா என்ன சொல்றார் என்று கேட்டாய். நான் உன் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டே, அப்பாவும் நீ சீக்கிரம் கிளம்பினால்தான் நல்லது என்றுதான் சொல்கிறார் என்றேன். உன் முகம் ஒரு நிமிஷம் விழுந்தது. பார்த்தேன். பார்த்தும் அடுத்த சட்டையை எடுத்தேன்.

இதுதான் நடந்தது. இரண்டு பேரும் இருக்கவேண்டும் என்றுதான் நினைத்தீர்கள். நடுவில் நான் இருந்தேன். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடக்கிற அதே நடை.

ஏர்போர்ட்டுக்கு அப்பா வராதது உனக்கு இன்னும் உறுத்துகிறது என்று எனக்குத் தெரியும். டெலிவரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். டெலிவரி எதுவும் இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாராம், சாவிக்காரர் பிறகு சொன்னார். டீ கொடுத்தபோது, போகணும்னு நிக்கிற பிள்ளை முன்னாடி நின்னு அழக்கூடாதுன்னுதான் வந்துட்டேன் என்றாராம். காரில் நீ என்னிடம், அப்பாவுக்கு என் மேல் ஏதாவது கோபமா என்று கேட்டாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, கடைக்கு விடச் சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. நான்தான் நாலு மணி நேரம் முன்னாலேயே கிளப்பியிருந்தேனே.

பிறகு நீ ஒன்பதே நாளில் வீடு பிடித்தாய். நான் தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் பெருமை அடித்தேன். கையெழுத்துப் போடுமுன் போனில் படமாகக் காட்டச் சொல்லி, குழாயைத் திற, ஜன்னல் மூலையில் ஈரம் இருக்கிறதா பார், சுவரைத் தட்டு என்று உன்னைப் படுத்தி எடுத்தேன். பின்னாலிருந்து அப்பா, ஜன்னலைக் காட்டச் சொல்லு, ஜன்னலைக் காட்டச் சொல்லு என்று ஒரே நச்சரிப்பு. நீ அந்தச் சின்ன அறையைக் காட்டி, இது நீங்களும் அம்மாவும் வந்தா தங்க என்றாய். அப்பா அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, கம்பி சுவரிலா கூரையிலா என்று மட்டும் கேட்டார். நீ டேப் இல்லாமல் நோட்டுப்புத்தகத்தை வைத்து அளந்தாய், அவர் தலையில் அடித்துக்கொண்டார், தையல்காரன் பிள்ளை நோட்டால் அளக்கிறான் என்று. போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

பதினாலாம் தேதி விலாசப் பதிவுக்காகப் பாஸ்போர்ட்டை அந்த ஊர் அரசு அலுவலகத்தில் கொடுத்தாய், பதிவு முடிகிற வரை அது அவர்களிடம்தான் இருக்கும் என்றார்கள். பத்தொன்பதாம் தேதி மத்தியானம் தையல் மெஷின் சத்தம் நின்றது, நின்று ரொம்ப நேரமாகியும் தொடங்கவில்லை என்று சாவிக்காரர் எட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். நீ அந்த அலுவலகத்து வாசலில் நின்று கெஞ்சினாய், பத்து நாளாவது ஆகும் என்றார்கள். என்னால் அவரை அவ்வளவு நாள் வைத்திருக்க முடியவில்லை. சித்தி போனைப் பிடித்துக் காட்டினாள், அவள் கை ஆடியதில் நீ அப்பா முகத்தைக்கூட நன்றாகப் பார்க்கவில்லை. அவர் கேட்ட மாதிரி நீ பதினாறாம் தேதி போயிருந்தால், அந்த ஒரு வாரமும் அவரோடு இருந்திருப்பாய். பத்தொன்பதாம் தேதி ஏதோ ஒரு விடுதி அறையில் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் இருந்திருப்பாய், பாஸ்போர்ட் உன் பையில் இருந்திருக்கும். வந்திருப்பாய். இந்தக் கணக்கை நான் போடாத நாள் இல்லை. முப்பதாம் தேதி பாஸ்போர்ட் கைக்கு வந்தது, இனி வந்து என்ன ஆகப்போகிறது, வேலையில் சேர் என்று நான்தான் சொன்னேன். அதற்கும் ஒரு தேதி பார்த்தேன்.

அக்டோபரில் ஒருநாள் நீ போனில், "அப்பாதானே சீக்கிரம் போகச் சொன்னார். அதான் போனேன். இப்ப யார் மேல கோவப்படறதுன்னே தெரியலை" என்றாய். நான் பேசாமல் இருந்தேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நீ ஹலோ ஹலோ என்றாய். கட்டாகவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சொன்னால் நீயும் போய்விடுவாய் என்று பயம். புருஷனும் இல்லை, பிள்ளையும் பேசமாட்டான் என்றால் இந்த வீட்டில் நான் யாருக்காக விளக்குப் போடுவது என்று சுயநலமாகத்தான் யோசித்தேன். அதனால் இத்தனை மாதம் செத்துப்போன மனுஷன் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் சும்மா இருந்திருக்கிறேன். இப்போது சொல்கிறேன். அவர் உன்னைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொன்னார். நீ இருக்கவேண்டும் என்று அவர் ஆசைப்பட்ட மாதிரி வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. நீயும் இருக்கத்தான் கேட்டாய் என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது. அதை இனிமேல் என்னால் சொல்ல முடியாது. உன்னிடமாவது சொல்லிவிட்டேன். கோபப்பட ஆள் தெரியவில்லை என்றாயே, இதோ இருக்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு வருகிற பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நீ அளவு சொன்ன மறுநாளே அப்பா துணி எடுத்துவந்தார், சாம்பல் கலந்த நீலம், வெயில் வராத ஊர், வெளிச்சத்தை அடைக்காத துணியாக இருக்கட்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கினார். அந்தச் சின்ன அறை ஜன்னலுக்கு இரண்டு திரை. அவர் துணி வெட்டும்போது நான் பக்கத்தில் இருந்தேன். உயரம் அறுபத்திரண்டு அங்குலம் என்று நீ சொல்லியிருந்தாய், அவர் மேல் மடிப்புக்கெல்லாம் விட்ட பிறகும் அடியில் இன்னும் எட்டு அங்குலம் விட்டு வெட்டினார். எதற்கு இவ்வளவு துணியை வீணாக்குகிறீர்கள், அவன்தான் அளவு சொல்லிவிட்டானே என்று கேட்டேன். பொத்தான் என்று உன்னைச் சின்ன வயதில் கூப்பிடுவாரே, அந்தப் பெயரைச் சொல்லித்தான் பேசினார். "பொத்தானுக்குப் போய்ட்டே இருக்கணும்னு ஆசை. இன்னிக்கு இந்த வீடு, நாளைக்கு வேற வீடு. உள்ளே துணி விட்டு வைக்கிறேன். அங்க ஜன்னல் உசரமா இருந்தா பிரிச்சு இறக்கிக்கட்டும்." கோபமாகச் சொல்லவில்லை தம்பி. ஒரு துளி வருத்தம்கூடக் காட்டவில்லை. நான் சொன்ன பொய்யை நம்பி, அதற்கும் சேர்த்துத் துணி விட்டு வெட்டினார்.

இத்தனை மாதம் அதை அனுப்பாமல் வைத்திருந்தேன், உன் செய்தி வந்த பிறகு வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. அந்த வீட்டிலேயே இருக்கிறாயோ, காலி செய்கிறாயோ, இங்கேயே வந்துவிடுகிறாயோ, நான் ஒரு தேதியும் சொல்லப் போவதில்லை. சமையலறைக் காலண்டரைக் கழற்றி வைத்துவிட்டேன், சித்தி இன்று என்ன தேதி என்று கேட்டால் தெரியாது என்கிறேன், பாதி நாள் நிஜமாகவே தெரிவதில்லை. என்னோடு பேசவேண்டும் என்று தோன்றுகிறபோது பேசு. ஒரு வாரம் ஆகட்டும், ஒரு வருஷம் ஆகட்டும். கேட்டு வாங்குகிற இடத்தில் நான் இல்லை. எங்கே எந்த வீட்டில் இருந்தாலும் உனக்கு நல்ல தூக்கம் வரட்டும், பசித்த நேரத்துக்குச் சூடாகச் சாப்பாடு கிடைக்கட்டும், உன்னிடம் பேச வருகிறவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்கிறவர்களாக இருக்கட்டும். உன் அப்பாவின் ஆசி எப்போதும் உனக்குத்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னுடையதும் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்.

பொட்டலத்தைப் பிரிக்கும்போது கத்தரிக்கோல் போடாதே, துணி மேலாகவே இருக்கிறது. ஒரு திரை முடிந்திருக்கிறது. இன்னொன்றின் அடிமடிப்பில் பாதி வரைக்கும்தான் தையல், அன்றைக்கு மெஷினில் இருந்தது அதுதான். மீதியைத் தைத்து அனுப்பலாம் என்று ஊசியில் நூல் கோத்து உட்கார்ந்தேன், முடியவில்லை. அப்பா குத்திவைத்த குண்டூசி ஏழு அப்படியே இருக்கிறது. கையைப் பார்த்து எடு.

உன் அம்மா